டிம்ப்னா என்ற புனிதையும், அவரை நம்பி வந்தவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்த ஊரும்

புத்தி பேதலித்தவர் அப்பா. வெட்டுப்பட்டுச் செத்தவள் மகள். ஆனால் மனநோயாளிகளின் பாதுகாவலியாக ஐரோப்பா கும்பிட்டது மகளைத்தான். புனித டிம்ப்னாவைப் பற்றி முதல்முறை கேள்விப்படுகிற யாருக்கும் இந்த இடம் இடிக்கும். நோய் ஒருவருக்கு, நோயாளிகளுக்கான புனிதப் பட்டம் இன்னொருவருக்கா? இதற்குப் பதில் உண்டு. ஆனால் முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் புனிதையைப் பொறுத்தவரை கதைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

கதை நடப்பது 7-ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில். அங்கே ஒரு சிற்றரசன். பிற்காலத்தில் அவனுக்கு டேமன் என்று பெயர் சூட்டினார்கள். அவன் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவன், அவன் மனைவியோ கிறிஸ்தவள். மகள் டிம்ப்னாவுக்கு ரகசியமாக ஞானஸ்நானம் கொடுக்கப்படுகிறது. ஜெரபெர்னுஸ் என்ற வயதான குருவானவர் அவளுக்கு ஞானத்தந்தை போல இருந்து எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார். திடீரென்று ராணி இறந்துபோகிறாள். ராஜாவுக்குத் துக்கம் தாங்கவில்லை. மறுமணம் செய்துகொள்ளுங்கள் என்று மந்திரிகள் வற்புறுத்த, செத்துப்போனவளைப் போலவே அழகுள்ள பெண் கிடைத்தால் பார்க்கலாம் என்கிறான். நாடு நாடாகத் தேடியும் அப்படி ஒருத்தி கிடைக்கவில்லை. அம்மாவை உரித்து வைத்ததுபோல இருந்தவள் ஒரே ஒருத்திதான். அவன் மகள்.

அவனுக்கு அப்போது புத்தி முழுதாகக் கலங்கிவிட்டது. மகளையே மணப்பேன் என்று நிற்கிறான். டிம்ப்னா 40 நாள் அவகாசம் கேட்கிறாள். அந்த நாட்களுக்குள் குருவானவர், அரண்மனைக் கோமாளி, கோமாளியின் மனைவி ஆகிய மூவரோடு படகேறித் தப்பிவிடுகிறாள். இன்றைய பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் கரையிறங்கி, அங்கிருந்து உள்நாட்டுக்குள் நடந்து, காட்டுப் பகுதியில் புனித மார்ட்டினின் சிற்றாலயமும் சில வீடுகளும் மட்டும் இருந்த ஓர் இடத்தில் தங்குகிறார்கள். அந்த இடம்தான் கேல்.

ராஜா சும்மா இருப்பானா? ஆட்களோடு கடல் தாண்டி வருகிறான். காட்டிக்கொடுப்பது காசு. ராஜாவின் ஆட்கள் ஒரு சத்திரத்தில் சாப்பிட்டுவிட்டுத் தங்கள் நாட்டுக் காசைக் கொடுக்க, சத்திரத்துக்காரர், இதே மாதிரிக் காசு ஒரு வெளியூர்ப் பெண் கொடுத்தது ஏற்கனவே என்னிடம் நிறைய இருக்கிறதே என்று சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், இடம் தெரிந்துவிட்டது. ராஜா வந்து மகளைக் கெஞ்சுகிறான், மிரட்டுகிறான். குறுக்கே நின்ற ஜெரபெர்னுஸை ஆட்கள் வெட்டுகிறார்கள். இளவரசியைத் தொட மட்டும் ஒருவனுக்கும் கை வரவில்லை. கடைசியில் அப்பாவே வாளை உருவி மகளின் தலையை வெட்டுகிறான். அவளுக்கு அப்போது 15 வயது.

ஊர்க்காரர்கள் உடல்களைப் புதைத்தார்கள். பல காலம் கழித்துத் தோண்டியபோது வெள்ளைக் கல்லால் ஆன இரண்டு பெட்டிகள் கிடைத்தன என்கிறது மரபு. அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட கல்லே கிடையாது, ஆகவே செதுக்கி வைத்தவர்கள் வானதூதர்கள்தான் என்று ஊர் முடிவு கட்டியது. ஒரு பெட்டிக்குள் நெஞ்சின்மேல் கிடந்த செங்கல்லில் டிம்ப்னாவின் பெயர் எழுதியிருந்ததாம்.

இதெல்லாம் நடந்ததா?

நேராகச் சொல்வதென்றால், இந்த வடிவத்தில் நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காரணங்களைப் பார்ப்போம், ஏனென்றால் பழைய புனிதர் சரிதைகளை எப்படி வாசிப்பது என்பதற்கு இது நல்ல பாடமாக இருக்கும்.

டிம்ப்னாவின் வாழ்க்கையை முதலில் எழுத்தில் வைத்தவர் இன்றைய வட பிரான்ஸின் கம்ப்ரே நகரத்துப் புனித ஓபேர் மடத்தைச் சேர்ந்த பேதுரு என்ற குரு. எழுதச் சொன்னவர் கம்ப்ரே ஆயர். காலம் 1238-க்கும் 1247-க்கும் இடையில். அதாவது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சுமார் 600 வருஷம் கழித்து. இன்றைக்கு ஒருவர் உட்கார்ந்து 1420-களில் நடந்த ஒரு கொலையை, எந்த ஏடும் இல்லாமல், கேள்விப்பட்டதை மட்டும் வைத்து எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி. பேதுரு இதை மறைக்கவும் இல்லை. வாய்வழியாக வந்ததைத்தான் எழுதுகிறேன் என்று அவரே சொல்லிவிடுகிறார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அப்புறம் அந்தக் காசு. அயர்லாந்தில் முதன்முதலாக நாணயம் அச்சிட்டவர்கள் டப்ளினை ஆண்ட வைக்கிங் வம்சத்தார், அதுவும் 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில், 997-ஐ ஒட்டி. 7-ஆம் நூற்றாண்டு ஐரிஷ் அரசனுக்கென்று தனிக் காசே இருந்திருக்க முடியாது. அவன் ஆட்கள் அந்தக் காசை எடுத்து நீட்டியதும், சத்திரத்துக்காரர் அதை அடையாளம் கண்டதும், காசும் சத்திரமும் சகஜமாகிவிட்ட 13-ஆம் நூற்றாண்டுக்காரர் ஒருவரின் கற்பனையில்தான் பொருந்தும். அரண்மனைக் கோமாளியும் அப்படித்தான். எழுதியவர் தன் காலத்து அரண்மனையை எடுத்து அறுநூறு வருஷம் பின்னால் வைத்திருக்கிறார்.

மூன்றாவது காரணம்தான் பலமானது. மனைவியை இழந்த ராஜா, அவளைப் போலவே ஒருத்தி வேண்டும் என்று தேடி, மகளிடமே வந்து நிற்பதும், மகள் அவகாசம் கேட்டுவிட்டுத் தப்பி ஓடுவதும் ஐரோப்பா முழுக்கப் பாட்டிகள் சொல்லிக்கொண்டிருந்த நாட்டுப்புறக் கதை. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் கதைகளை வகைப்படுத்தி எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அதில் இந்த வகைக்கும் ஓர் எண் உண்டு: 510பி. பெரும்பாலான நாடுகளில் அந்தப் பெண் விலங்குத் தோலைப் போர்த்திக்கொண்டு வேலைக்காரியாக ஒளிந்திருப்பாள், கடைசியில் ஓர் இளவரசனை மணப்பாள். கேல் ஊரில் மட்டும் அந்தக் கதைக்குக் கல்யாணம் கிடைக்கவில்லை, கல்லறை கிடைத்தது.

இன்னொரு அச்சும் இதில் தெரிகிறது. கன்னி மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்ட கன்னிப்பெண்களின், கதைகளை வரிசையாகப் படித்தவர்களுக்கு இது பழகிய பாதை: உயர்குலப் பெண், ரகசியமாகக் கிறிஸ்தவ விசுவாசம், பிற சமயத்து அப்பா, மறுக்கப்பட்ட திருமணம், வாள். புனித பார்பராவின் கதையிலும் மகளின் தலையை வெட்டுவது அப்பாதான். இடைக்கால எழுத்தாளர்கள் பொய் சொல்ல உட்கார்ந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு புனிதையின் வாழ்க்கை இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவர்களுக்கு ஓர் உறுதியான எண்ணம் இருந்தது. விவரம் இல்லாத இடங்களை அந்த எண்ணம் நிரப்பிவிடும். கேட்கிறவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

அப்படியானால் கைக்கு என்ன மிஞ்சுகிறது? கேல் ஊரில் இரண்டு பழைய கல்பெட்டிகளின் துண்டுகளும், அந்த எழுத்துள்ள செங்கல்லும் பாதுகாக்கப்பட்டு வந்தன. பேதுரு எழுதுவதற்கு முன்பே அங்கே வழிபாடும், குணமானவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் கூட்டமும் இருந்தது. எனக்குப் படுவது இதுதான்: முதலில் கிடைத்தது இரண்டு பேரின் எலும்பு. அப்புறம் வந்தது குணமடைதல் பற்றிய பேச்சு. யார் இந்த இருவர் என்று மக்கள் கேட்கத் தொடங்கியபோது, தெரிந்த ஒரு கதை வந்து அவர்கள்மேல் உட்கார்ந்துகொண்டது.

ரோம் சொல்லாமல் எப்படிப் புனிதர்?

இன்று ஒருவரைப் புனிதராக அறிவிக்க வத்திக்கானில் எத்தனை கட்டம், எத்தனை வருஷ விசாரணை என்பது கத்தோலிக்கரல்லாதவர்களுக்கும் ஓரளவு தெரியும். புனித தேவசகாயம் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்டார், புனிதர் பட்டம் 2022-இல்தான் வந்தது. ஆனால் முதல் ஆயிரம் ஆண்டுகளில் இந்த நடைமுறையே கிடையாது. திருத்தந்தை ஒருவர் முறைப்படி புனிதராக அறிவித்ததாக நமக்குத் தெரிந்த முதல் ஆள் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக், அது 993-இல். அதற்கு முன்னால் புனிதர்களை உருவாக்கியது ஊர்தான். ஒரு கல்லறைக்கு மக்கள் போகிறார்கள், வேண்டுதல் பலிக்கிறது என்கிறார்கள், ஆண்டுதோறும் ஒரு நாளில் கூடுகிறார்கள். அந்த வட்டாரத்து ஆயர் ஒத்துக்கொண்டு எலும்புகளை எடுத்துப் பீடத்தில் வைத்துவிட்டால் முடிந்தது. பட்டியல், பத்திரம் எல்லாம் அப்புறம்.

டிம்ப்னா அந்த வழியில் வந்தவர். எலும்புகளுக்கு, அதாவது திருப்பண்டங்களுக்கு, அந்தக் காலத்தில் எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஜெரபெர்னுஸின் கதியே சாட்சி. ரைன் நதிக் கரையிலிருந்த க்ஸான்டன் ஊர்க்காரர்கள் வந்து அவருடைய எலும்புகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறது மரபு. அவை இன்றைய ஜெர்மனியின் ஸோன்ஸ்பெக்கில் போய்ச் சேர்ந்தன. திருப்பண்டம் இருக்கிற ஊருக்குத் திருயாத்திரைக்காரர்கள் வருவார்கள், கூடவே காணிக்கையும் சந்தையும் வரும். எலும்பைத் திருடுகிற அளவுக்குப் போவார்களா என்றால், போனார்கள், பல ஊர்களில்.

புனித வரலாறுகளைச் சலித்துப் பார்க்கிற வேலையையும் திருச்சபைக்குள்ளேயே சிலர் செய்தார்கள். ஆன்ட்வெர்ப்பில் இருந்த இயேசு சபைக் குருக்கள், பொலாண்டிஸ்டுகள் என்று பெயர், 1643 முதல் புனிதர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் கிடைத்த ஏடுகளைத் திரட்டி, திருவிழா நாள் வரிசையில் பெரும் தொகுதிகளாக வெளியிட்டார்கள். டிம்ப்னாவும் அதில் மே மாதத்தில் வருகிறார். மரபான திருவிழா மே 15. திருச்சபையின் அதிகாரப்பூர்வமான புனிதர் பட்டியல் ரோமன் மறைசாட்சியர் ஏடு, இந்த நூற்றாண்டில் அதைத் திருத்தி வெளியிட்டபோது மே 30-க்கு மாற்றியிருக்கிறார்கள். பக்தர்கள் பெரும்பாலும் பழைய தேதியையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அயர்லாந்தின் பக்கம் என்ன சொல்கிறார்கள்? மொனகன் மாவட்டத்தில் டிடாவ்னட் என்று ஓர் ஊர். அதன் புனிதை தாம்னட். அவருடைய கைத்தடி என்று சொல்லப்படுவது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஒரு காலத்தில் சத்தியம் வாங்க அந்தத் தடியைப் பயன்படுத்தினார்கள். பெயர் ஒத்துப்போகிறது என்பதால் தாம்னட்டும் டிம்ப்னாவும் ஒருவரே என்று பலர் சொன்னார்கள். ஆய்வாளர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள்: தாம்னட் தன் ஊரிலேயே வாழ்ந்த துறவி, ஓடவும் இல்லை, வெட்டுப்படவும் இல்லை. ஆனால் மக்கள் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் ஒன்று உண்டு. மொனகன் நகரத்து மனநல மருத்துவமனைக்குப் புனித தாவ்னட்டின் (தாம்னட்டின் இன்னொரு உச்சரிப்பு) பெயரை வைத்தார்கள்.

காலடியில் சங்கிலி போட்ட பேய்

இனி அந்த முதல் கேள்விக்கு வரலாம். ஏன் மகள்?

இடைக்கால மனிதர்களுக்குப் பைத்தியமும் பேய் பிடித்தலும் பெரும்பாலும் ஒன்றுதான். மருத்துவர்கள் உடலின் பித்தம், கபம் என்று பேசினார்கள், ஆனால் ஊரின் பார்வையில் புத்தி பேதலித்தவருக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். டிம்ப்னாவின் அப்பாவை மகளிடம் ஏவியதும் அப்படி ஒரு பேய்தான் என்று கதை புரிந்துகொள்ளப்பட்டது. டிம்ப்னா இணங்கியிருந்தால் பேய் ஜெயித்திருக்கும். அவர் மறுத்தார், உயிர் போனாலும் பேய் தோற்றது. பைத்தியத்துக்குக் காரணமான பேயை ஒருமுறை தோற்கடித்தவர் மறுபடியும் தோற்கடிப்பார் அல்லவா? பக்தியின் தர்க்கம் அது. கொஞ்சம் சுற்றி வந்தாலும் உள்ளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

சுரூபங்களில் இது பளிச்சென்று தெரியும். தலையில் கிரீடம் இருந்தால் இளவரசி, கையில் வாள் இருந்தால் மறைசாட்சி. இவை இரண்டும் வேறு பல புனிதைகளுக்கும் உண்டு. காலடியில் சங்கிலி கட்டிய பேய் ஒன்று சுருண்டு கிடந்தால் டிம்ப்னாவாக இருக்க வாய்ப்பு அதிகம். சுமார் 1505-இல் ஹோஸன் வான் டெர் வெய்டன் என்ற ஓவியர் டொங்கெர்லோ மடத்துக்காக இந்தக் கதை முழுவதையும் பல பலகைகளில் வரைந்தார். புகழ்பெற்ற ரோஹியர் வான் டெர் வெய்டனின் பேரன் இவர். பலகைகளில் ஒன்று தொலைந்துபோயிற்று, மற்றவை மிஞ்சியிருக்கின்றன.

ஒன்பது நாள்

கதையும் ஓவியமும் மட்டும் என்றால் டிம்ப்னா ஆயிரத்தில் ஒரு புனிதையாக நின்றிருப்பார். அவரை வேறாக்கியது கேல் ஊரில் நடந்த வழிபாட்டு முறை, அதைவிட அந்த முறை தடுமாறியபோது ஊர் செய்த காரியம்.

கேல் ஊரில் டிம்ப்னாவுக்கான பெரிய ஆலயத்தின் வேலை 1349-இல் தொடங்கியது. 1489-இல் தீப்பிடித்து, மறுபடி எழுப்பி, 1532-இல் அர்ச்சித்தார்கள். ஆலயத்தை ஒட்டியே நோயாளிகளுக்கென்று ஒரு கட்டடம், 15-ஆம் நூற்றாண்டில். குடும்பத்தார் மனநோயாளியை அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். நவநாள் அங்கே உண்மையிலேயே ஒன்பது நாள் தங்குதல். தினமும் செபம், பாவசங்கீர்த்தனம், பேயோட்டும் செபங்கள். முக்கியச் சடங்கு, உயரத் தூக்கி வைத்திருந்த திருப்பண்டப் பேழைக்கு அடியில் குனிந்து தவழ்ந்து போவது. நோயாளியால் முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக வேறொருவர் தவழலாம். நோயாளியின் எடைக்கு எடை கோதுமை கொடுக்கிற நேர்ச்சையும் இருந்தது, நம் பக்கத்துத் துலாபாரம் மாதிரி.

ஒன்பது நாளில் தெளிந்தால் வீட்டுக்குப் போகலாம். தெளியாவிட்டால் இன்னொரு ஒன்பது நாள். அதிலும் தெளியாதவர்கள்தான் நிறையப் பேர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இவர்களில் பலரைத் திரும்பக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. கட்டடத்தில் இடமும் இல்லை. ஆகவே ஆலயத்துக் குருக்கள் பக்கத்து வீடுகளில் கேட்டார்கள்: அடுத்த முறை வரும்வரை இவரை வைத்துக்கொள்கிறீர்களா, சாப்பாட்டுக்குக் காசு தருவார்கள். வீடுகள் சரி என்றன.

யாரும் திட்டம் போட்டுத் தொடங்கியதல்ல இது. குணமாகாதவர்களை எங்கே தங்க வைப்பது என்ற இடநெருக்கடியிலிருந்து வந்தது. ஆனால் ஒரு தலைமுறை செய்ததை அடுத்த தலைமுறையும் செய்தது. தாத்தா வீட்டில் ஒருவர் தங்கியிருந்தார், அப்பா வீட்டில் ஒருவர், ஆகவே நம் வீட்டிலும் ஒருவர் என்று ஊர் வழக்கமாகிவிட்டது. அவர்களை நோயாளி என்று அழைக்கவில்லை. காசு கொடுத்துச் சாப்பிட்டுத் தங்குகிறவர் என்ற பொருளில்தான் அழைத்தார்கள்.

இதை வெறும் கருணைக் கதையாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கேல் இருக்கிற கெம்பன் வட்டாரம் மணல் பூமி, விளைச்சல் குறைவு, ஏழை விவசாயிகள். தங்கவந்தவரால் கொஞ்சம் காசு கிடைத்தது, வயலில் இரண்டு கை கூடுதலாகக் கிடைத்தது. ஆவேசப்படுகிறவர்களை விலங்கிட்டு வைத்ததும் உண்டு, 17, 18-ஆம் நூற்றாண்டு ஊர்க் கட்டளைகளே ஆபத்தானவர்களைக் கட்டி வைக்கச் சொல்கின்றன. ஆனால் அதே காலத்தில் ஐரோப்பாவின் மற்ற நகரங்களில் இவர்கள் சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள் என்பதையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். கேல் ஊரில் பெரும்பாலோர் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், வீட்டுக் குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், தெருவில் நடந்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் வந்தபோது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலயம் மூடப்பட்டது. புனிதையை நம்பி உண்டான ஏற்பாடு அத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வீடுகளுக்கு ஆலயத்தின் அனுமதி தேவைப்படாத அளவுக்கு வழக்கம் ஊறியிருந்தது. 1803-இல் பிரசல்ஸை நிர்வகித்த பிரெஞ்சு அதிகாரி போன்டேகூலான், நகர மருத்துவமனையில் மோசமான நிலையில் கிடந்த மனநோயாளிகளைக் கேல் ஊருக்கே அனுப்பிவைத்தார். 1821-இல் பாரிஸின் பெயர்பெற்ற மனநல மருத்துவர் எஸ்கிரோல் நேரில் வந்து பார்த்தார், நூற்றுக்கணக்கானவர்கள் ஊருக்குள் சுதந்திரமாகத் திரிவது அவருக்கு வியப்பு. அதன்பிறகு வேறு மருத்துவர்களும் பார்க்க வந்தார்கள், இந்த முறை நல்லதா கெட்டதா என்று இரு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். 1850-இல் பெல்ஜிய அரசு சட்டம் போட்டுப் பொறுப்பை ஏற்றது. மருத்துவ ஆய்வாளர் நியமனம், 1862-இல் மருத்துவமனை. புதிதாக வருகிறவரை முதலில் அங்கே வைத்துப் பார்த்து, பொருத்தமான வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இதே மாதிரியை வைத்து பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதியில் லியெர்னோவிலும், பிரான்ஸில் டன்-சூர்-ஓரோனிலும் ஊர்கள் உருவாக்கப்பட்டன. ரஷ்யச் சிந்தனையாளர் கிரபோட்கின், சிறைகள் வேண்டாம் என்று வாதிட்டபோது கேல் ஊரைத்தான் உதாரணம் காட்டினார். 1880-இல் ஒரு டச்சு போதகர் தன் மகனின் போக்கைக் கண்டு பயந்து அவனைக் கேல் ஊருக்கு அனுப்பிவிட நினைத்தார். மகன் மறுத்துவிட்டான். அந்த மகன் பெயர் வின்சென்ட் வான் கோ.

பொத்தான் பிய்க்கிறவர்

1938-இல் கேல் வீடுகளில் தங்கியிருந்தவர்கள் 3,700-க்கும் மேல். அதுதான் உச்சம். 1960-களில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இந்த ஊரையே ஆய்வுக்களமாக எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பார்த்தார்கள்.

பின்னாளில் நியூயார்க்கில் வீடற்றவர்களுக்கான குடியிருப்புகளை உருவாக்கிய எலன் பாக்ஸ்டர், இளவயதில் கேல் ஊரில் தங்கிப் பார்த்தவர். அவர் சொல்கிற ஒரு விஷயம் எனக்கு எந்த மருத்துவ அறிக்கையையும்விட இந்த ஊரைப் புரியவைத்தது. ஒரு வீட்டில் தங்கியிருந்தவர் தினமும் தன் சட்டைப் பொத்தான்களைத் திருகிப் பிய்த்துவிடுவார். வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு இரவும் உட்கார்ந்து அத்தனையையும் திரும்பத் தைப்பார். மீன்பிடி நூலால் தைத்தால் பிய்க்கவே முடியாதே என்று பாக்ஸ்டர் யோசனை சொன்னார். அந்த அம்மா, அதைவிட மோசமான காரியம் இல்லை, அவருக்குப் பொத்தான் பிய்க்க வேண்டும், அதனால்தான் பிய்க்கிறார் என்று சொல்லிவிட்டார்.

நோயை நீக்குவதை இந்த வீடுகள் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் சொன்னால், வருகிறவருக்கு என்ன நோய் என்று மருத்துவமனை வீட்டாரிடம் சொல்வதும் வழக்கமில்லை. ஆபத்து ஏதும் உண்டா, என்னென்ன பழக்கம், எந்த மருந்து எப்போது என்பது போதும். நவநாளுக்கு வந்து குணமாகாமல் தங்கிப்போனவர்களிடமிருந்து தொடங்கிய ஏற்பாடு என்பதால்தான் இந்த மனப்பாங்கு வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குணப்படுத்துவது புனிதையின் பொறுப்பு, அல்லது மருத்துவரின் பொறுப்பு. சோறு போடுவதும் பொத்தான் தைப்பதும் வீட்டின் பொறுப்பு.

டிம்ப்னா பக்தி கேல் ஊரோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் மாசிலன் நகரில் மனநல மருத்துவமனை வளாகத்திலேயே அவருக்கென்று ஒரு திருத்தலம் எழுப்பப்பட்டது. 2015-இல் தீக்கிரையாகி, சரிசெய்யப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. மனநோய், வலிப்பு, பதற்றம், தூக்கமின்மை என்று வேண்டுதல்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அண்மைக் காலத்தில் இன்னொரு கூட்டமும் அவரைத் தேடி வருகிறது: குடும்பத்துக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், வீட்டைவிட்டு ஓட நேர்ந்தவர்கள். நூற்றாண்டுகளாகக் கற்பின் கதையாகச் சொல்லப்பட்டதை இவர்கள் தப்பி ஓடிய ஒரு பெண்ணின் கதையாக வாசிக்கிறார்கள். கதையில் இது முதலிலிருந்தே இருந்தது, பார்க்கத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

கேல் ஊரில் இப்போது தங்குகிறவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் 500 அளவில் இருந்தது, 2020-களின் தொடக்கத்தில் 200-ஐ ஒட்டி. மருந்துகளின் உதவியோடு தனியாகவே வாழ முடிகிறவர்கள் கூடிவிட்டார்கள். விவசாயம் போய்விட்டது, வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பகலில் வீட்டில் ஆள் இல்லை. கிடைக்கிற உதவித்தொகையும் ஒரு மனிதரை இரவும் பகலும் பார்த்துக்கொள்வதற்கு ஈடாகாது. 2023-இல் யுனெஸ்கோ இந்தக் குடும்பப் பராமரிப்பு முறையைப் பாதுகாக்கத்தக்க நல்ல நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கூடி டிம்ப்னா விழா எடுத்துப் பவனி போகிறது, கதையை இசை நாடகமாக மேடையேற்றுகிறது. புதிதாக இடம் கொடுக்க முன்வரும் வீடுகளைத் தேடும் வேலை மட்டும் மருத்துவமனைக்கு வருஷத்துக்கு வருஷம் கடினமாகிக்கொண்டே வருகிறது.